டிஃப் லாக் இருந்தா எங்கேயும் போயிடலாமா? ஆஃப்ரோடு வண்டிக்கு லாக்கர், ஆக்சில் மாற்றும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைக்குள் இறங்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை சென்னையில் கார் வைத்திருக்கும் பெரும்பாலானோருக்குத் தெரியும். சீட் கவர், மியூசிக் சிஸ்டம், அலாய் வீல், உதிரி பாகம் எல்லாவற்றுக்கும் மக்கள் முதலில் தேடி வரும் தெரு அது. தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரி வண்டிகள் சாலையில் கூடிய பிறகு, வண்டிக்காரர்கள் நடுவே ஒரு கேள்வி அடிக்கடி வருது: "டிஃப் லாக்கர் போட்டுக்கலாமா? ஆக்சிலையும் மாத்திடலாமா?"

இது ஸ்டிக்கர் ஒட்டுற மாதிரி விஷயம் இல்லை. சரியா தேர்வு செய்தால், சேற்றிலும் மணலிலும் மாட்டிக்கொண்ட வண்டி தானே வெளியே வரும். தவறா தேர்வு செய்தால், பெரிய தொகை கொடுத்து போட்ட பாகமே ஆக்சிலை முறித்துவிடும். மழை ஈரத்தில் வளைவில் வண்டி நேராகவே போய்விடும். ஆர்சி, இன்சூரன்ஸ் சிக்கலும் சேர்ந்து வரலாம். எதை, எப்போது, எந்த வரிசையில் போடலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

டிஃப்ரன்ஷியல் எதுக்கு இருக்கு?

ராயப்பேட்டை மணிக்கூண்டு பக்கத்தில் ஒரு கார் யூ-டர்ன் போடுதுன்னு வைத்துக்கொள்ளுங்கள். இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே சுமார் ஒன்றரை மீட்டர் இடைவெளி. அரை வட்டம் திரும்பி முடிக்கும்போது வெளிப்பக்கச் சக்கரம், உள்பக்கச் சக்கரத்தைவிட சுமார் 4.7 மீட்டர் கூடுதல் தூரம் ஓடியிருக்கும். இரண்டும் ஒரே கம்பியில் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருந்தால், ஏதாவது ஒரு டயர் தரையில் இழுபட்டே ஆகணும்.

அந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் டிஃப்ரன்ஷியல். மெக்கானிக்குகள் பேச்சில் 'கிரவுன்' என்று வரும் பல்சக்கரத் தொகுதிக்குள்தான் இது உட்கார்ந்திருக்கு. இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுத்து, அதே நேரம் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அனுமதிக்கும். பிரான்ஸைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கர் 1827-ல் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த அடிப்படை யோசனைதான் இன்றைக்கு ஆட்டோ முதல் லாரி வரை ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்போ சேற்றில் ஏன் மாட்டிக்குது?

சாதாரண டிஃப்ரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு. வேகத்தைப் பிரிக்கும்போது வித்தியாசம் காட்டும். ஆனால் முறுக்குவிசையை, அதாவது டார்க்கை, இரண்டு பக்கமும் எப்போதும் சமமாகத்தான் கொடுக்கும்.

வலது சக்கரம் கெட்டியான தரையில் நிற்குது. இடது சக்கரம் வழவழப்பான சேற்றில். சேற்றில் இருக்கும் டயரால் 100 நியூட்டன் மீட்டர் வரைதான் பிடித்து நிற்க முடியும், அதுக்கு மேல் கொடுத்தால் சுழன்றுவிடும். அப்போது கெட்டித் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே 100 தான் போகும். அந்தப் பக்கம் இன்னும் பத்து மடங்கு தாங்கும் என்றாலும் பயன் இல்லை. ஒரு சக்கரம் காற்றில் தூக்கிக்கொண்டால் அங்கே பிடிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம், அடுத்த பக்கமும் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும்.

ஃபோர்-பை-ஃபோர் வண்டிக்கும் இதே கதிதான். முன் ஆக்சிலில் ஒரு சக்கரம், பின் ஆக்சிலில் ஒரு சக்கரம் பிடி இழந்தால், நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் வண்டியும் அப்படியே நின்றுவிடும்.

டிராக்டர் ஓட்டுறவங்களுக்கு தெரிஞ்ச விஷயம்

இதற்கான தீர்வு ஆஃப்ரோடு பிரியர்கள் கண்டுபிடித்தது இல்லை. தஞ்சை, திருவாரூர் பக்கம் சேற்று உழவு ஓட்டும் டிரைவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிடுவார். டிராக்டரில் கால் பக்கத்தில் தனியா ஒரு டிஃப் லாக் பெடல் இருக்கும். ஒரு பின்சக்கரம் சேற்றில் சுழல ஆரம்பித்தால் அதை அழுத்துவார். இரண்டு சக்கரமும் ஒரே கம்பியில் கட்டின மாதிரி சேர்ந்து சுற்றும், டிராக்டர் வெளியே வந்துடும். வரப்பு ஓரம் திரும்புவதற்கு முன்னாடி காலை எடுத்துவிடுவார். லாக் போட்டபடியே திருப்பினால் உள்ளே பல் உடையும் என்பது அவருக்குத் தெரியும்.

டிஃப் லாக் பற்றிய அடிப்படைப் பாடம் இதுதான். மாட்டும்போது போடணும், திரும்பும் முன் எடுக்கணும். காருக்கு வரும் லாக்கர்கள் எல்லாம் இந்த வேலையை வெவ்வேறு முறையில் செய்பவைதான்.

என்னென்ன வகை இருக்கு?

1. விரும்பும்போது போடும் லாக்கர்: டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் அல்லது லீவர் இருக்கும். போடாதவரை சாதாரண டிஃப்ரன்ஷியல், போட்டால் 100 சதவீதம் பூட்டு. காற்றழுத்தத்தில் இயங்குவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனத்தின் ஏர் லாக்கர் இதில் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. மின்காந்தத்தில் இயங்குவது, கேபிளில் இயங்குவது என்றும் இருக்கு. ஏர் லாக்கருக்கு தனியா கம்ப்ரஸர் வேணும், அதே கம்ப்ரஸரில் டயருக்கும் காற்று அடிக்கலாம் என்பது கூடுதல் லாபம். ஆனால் காற்றுக் குழாய் கசிந்தால் லாக் விழாது. மின் லாக்கரில் குழாய் தொல்லை இல்லை, ஒயரிங் சரியா இருக்கணும்.

2. தானே பூட்டும் மெக்கானிக்கல் லாக்கர்: அமெரிக்காவின் ஈட்டன் நிறுவனத்தின் வடிவமைப்பு இதில் பிரபலம். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே நிமிடத்துக்கு சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் தானாகவே பூட்டிக்கொள்ளும். மணிக்கு சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் போனால் பூட்டாது. 31 அங்குல டயரில் 100 சுற்று என்பது மணிக்கு கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர் வேகம். அதாவது ஒரு சக்கரம் நிற்கும்போது இன்னொன்று அந்த வேகத்தில் சுழன்றால்தான் லாக் விழும். பலர் சக்கரம் சுழல ஆரம்பித்ததும் பயந்து காலை எடுத்துவிடுவதால், லாக் விழ வாய்ப்பே கிடைக்காமல் "இது வேலையே செய்யலை" என்று நினைத்துவிடுகிறார்கள். அளவா, ஒரே சீராக மிதிக்கணும்.

3. எப்போதும் பூட்டியிருந்து, வளைவில் விடுவிக்கும் ஆட்டோமேட்டிக் லாக்கர்: டிட்ராய்ட் லாக்கர் இந்த வகை. காட்டுப் பாதையில் நம்பிக்கையானது. ஆனால் தார்ச்சாலையில் திரும்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும், ஸ்டீயரிங் இழுக்கும். தினமும் ஆபீஸ் போக ஓட்டும் வண்டிக்கு இது தொல்லைதான்.

4. லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல்: முழுசா பூட்டாது. ஒரு பக்கம் சுழன்றால் அடுத்த பக்கம் கொஞ்சம் கூடுதல் சக்தி அனுப்பும். ஈரச் சாலை, சரளைக்கல் பாதைக்கு நல்லது. ஒரு சக்கரம் முழுசா காற்றில் தூக்கினால் பெரிதாகக் கைகொடுக்காது. கிளட்ச் தகடு உள்ள வகை நாளடைவில் தேயும், அதற்கென்று உள்ள எண்ணெயைத்தான் ஊற்றணும்.

5. பிரேக் மூலம் செய்வது: சுழலும் சக்கரத்தை மட்டும் ஏபிஎஸ் அமைப்பு பிரேக் பிடிக்கும். அங்கே எதிர்ப்பு கூடுவதால் அடுத்த சக்கரத்துக்கும் அதே அளவு டார்க் போகும். தனி இயந்திரம் எதுவும் இல்லை, பெரும்பாலும் மென்பொருள் வேலை. குறை என்ன? சக்தியில் ஒரு பங்கு பிரேக்கில் சூடாகப் போயிடும். நீண்ட நேரம் செய்தால் பிரேக் சூடேறும். சக்கரம் சுழன்ற பிறகுதான் வேலை தொடங்கும்.

6. வெல்டிங் வைத்துப் பூட்டுவது: டிஃப்ரன்ஷியல் உள்ளே இருக்கும் பற்களை வெல்டிங் போட்டு நிரந்தரமாக ஒட்டிவிடும் மலிவு வேலையும் நடக்கிறது. சாலையில் ஓடும் வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு வளைவிலும் டயர் இழுபடும். மழையில் வண்டி திரும்பாமல் நேராகப் போகும். ஆக்சில் எப்போது முறியும் என்று சொல்ல முடியாது.

உங்க வண்டியில் ஏற்கெனவே என்ன இருக்கு?

காசு எடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. வண்டியில் இருக்கும் வசதியையே முழுசா பயன்படுத்தாதவர்கள் நிறைய.

2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த மஹிந்திரா தாரில், சில வகைகளில் பின் ஆக்சிலுக்கு தானே பூட்டும் மெக்கானிக்கல் லாக்கர் வந்தது. பிரேக் மூலம் செய்யும் முறையும் உண்டு. உங்க வகையில் எது இருக்கு என்பதை வாகனக் கையேட்டைப் பார்த்து உறுதி செய்யணும். பின்சக்கரத்துக்கு மட்டும் சக்தி போகும் தாரும் விற்பனையில் உள்ளது. அதில் முன் ஆக்சிலுக்கு சக்தியே போகாது என்பதால் முன் லாக்கர் பேச்சுக்கே இடமில்லை.

2024 ஆகஸ்டில் வந்த தார் ராக்ஸின் ஃபோர்-பை-ஃபோர் வகைகளில் பின்பக்கம் மின்னணு லாக்கர் கிடைக்கிறது. 2022-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸிலும் பின்பக்க மின்னணு லாக் உண்டு. 2023 ஜூனில் வந்த மாருதி ஜிம்னியில் மெக்கானிக்கல் லாக்கர் இல்லை, பிரேக் மூலம் செய்யும் முறைதான். ஆனால் லோ ரேஞ்ச் கியரும், முன் பின் இரண்டு பக்கமும் திடமான ஆக்சிலும், குறைந்த எடையும் அதற்குப் பெரிய பலம்.

இந்திய வண்டிகளில் இந்த விஷயத்தில் தனித்து நிற்பது ஃபோர்ஸ் கூர்க்கா. முன், பின் இரண்டு ஆக்சிலுக்கும் தொழிற்சாலையிலிருந்தே லாக் வருது. டிரைவர் விரும்பும்போது போட்டுக்கொள்ளலாம். கூர்க்கா வாங்கினவர் வெளியே லாக்கர் தேடி அலைய வேண்டிய தேவை இல்லை.

பழைய ஜிப்ஸி, பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செலவில்லா வழி இருக்கு. ஒரு பின்சக்கரம் சுழலும்போது ஹேண்ட்பிரேக்கை லேசாகப் பிடித்து, மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கும் வண்டிகளில், சுழலும் பக்கம் எதிர்ப்பு கூடி அடுத்த பக்கத்துக்கும் டார்க் போகும். எல்லா நேரமும் கைகொடுக்காது, ஆனால் சின்னச் சின்ன இடங்களில் கரை ஏற்றிவிடும்.

முன்னாடியா, பின்னாடியா?

ஒரே ஒரு லாக்கர்தான் போட முடியும் என்றால், பெரும்பாலானவர்களுக்கு பின்பக்கமே சரி. மேட்டில் ஏறும்போது வண்டியின் எடை பின்னால் சாயும், அங்கேதான் பிடிப்பு அதிகம். பின்பக்கம் லாக் போட்டாலும் ஸ்டீயரிங்கை ஓரளவு திருப்ப முடியும்.

முன்பக்க லாக் போட்டால் ஸ்டீயரிங் கல்லாட்டம் இறுகும். நேராகப் போய் ஒரு தடையைத் தாண்டுவதற்கு மட்டுமே அது. ஸ்டீயரிங்கை முழுசா ஒடித்து வைத்துக்கொண்டு முன் லாக்கோடு ஆக்சிலேட்டரை மிதிப்பதுதான் முன் ஆக்சில் ஜாயிண்டுகள் உடைவதற்கு முக்கியக் காரணம்.

சரிவில் பக்கவாட்டாகப் போகும்போதும் லாக் ஆபத்து. லாக் இல்லாதபோது ஒரு சக்கரம் சுழன்றாலும் இன்னொன்று தரையைப் பிடித்து வண்டியை நிறுத்தி வைக்கும். லாக் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சுழல ஆரம்பிக்கும், வண்டியின் பின்பகுதி அப்படியே பள்ளத்தை நோக்கி வழுக்கும். ஏலகிரி, கொல்லிமலை மாதிரி ஈரமான தார்ச்சாலை வளைவுகளில் லாக் போட்டு ஓட்டவே கூடாது.

லாக்கர் போட்ட பிறகு ஆக்சில் ஏன் உடையுது?

செலவு இரட்டிப்பாகும் இடம் இதுதான். ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம்.

இன்ஜின் டார்க் 300 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 4 மடங்கு, லோ ரேஞ்ச் 2.5 மடங்கு, கிரவுன்-பினியன் 4 மடங்கு என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 12,000 நியூட்டன் மீட்டர். முன் பின் சமமாகப் பிரிந்தால் பின் ஆக்சிலுக்கு 6,000. சாதாரண டிஃப்ரன்ஷியலில் ஒவ்வொரு பக்கத்து ஆக்சில் ஷாஃப்டுக்கும் 3,000 தான். லாக் போட்டு, ஒரு சக்கரம் காற்றில் இருந்தால் முழு 6,000-மும் ஒரே ஷாஃப்ட் மேல் ஏறலாம்.

மண்ணிலும் மணலிலும் பெரும்பாலும் அந்த அளவு போகாது, அதுக்கு முன்பே டயர் சுழன்றுவிடும். அங்கே டயர் சுழல்வதே ஒரு பாதுகாப்பு. ஆனால் பாறை இடுக்கில் சக்கரம் சிக்கி, சுழலவே வழியில்லாமல் நின்று, டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தால், அடுத்து கேட்பது ஷாஃப்ட் முறியும் சத்தம். காற்றில் வேகமாகச் சுழலும் சக்கரம் திடீரென்று தரையில் விழுந்து பிடிக்கும்போதும் இதே கதை.

அதனால் லாக்கருக்கு ஏற்ற ஆக்சில் வேணுமா என்பது, நீங்க எங்கே ஓட்டுறீங்க, எவ்வளவு பெரிய டயர் போடுறீங்க, எப்படி மிதிக்கிறீங்க என்ற மூன்றையும் பொறுத்தது. தொழிற்சாலை அளவு டயரோடு, எப்போதாவது மண்பாதை போகும் வண்டிக்கு ஆக்சில் மாற்றம் பெரும்பாலும் தேவைப்படாது.

ஆக்சில் மேம்பாடுன்னா என்ன?

ஷாஃப்ட் மட்டும் மாற்றுவது: குரோம்-மாலி என்று சொல்லப்படும் உறுதியான எஃகில் செய்த ஷாஃப்ட் போடுவது முதல் படி. ஷாஃப்ட் நுனியில் இருக்கும் வரிப்பற்களின் எண்ணிக்கை லாக்கரோடு பொருந்தணும். 27 பல்லுக்கான லாக்கரில் 30 பல் ஷாஃப்ட் நுழையாது. காசு கொடுக்கும் முன் இதை எண்ணிப் பார்த்துவிடணும்.

செமி ஃப்ளோட்டிங், ஃபுல் ஃப்ளோட்டிங்: கார், ஜீப்களின் பின் ஆக்சில் பெரும்பாலும் செமி ஃப்ளோட்டிங். இதில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்றவும் செய்யும், வண்டி எடையைத் தாங்கவும் செய்யும். வெளிப்பக்கம் முறிந்தால் சக்கரமே கழன்று ஓடும் ஆபத்து உண்டு. லாரியின் பின்சக்கர நடுவில் வட்டமாக போல்ட் வைத்த மூடி ஒன்று துருத்திக்கொண்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஃபுல் ஃப்ளோட்டிங். எடையை வெளி உறையும் ஹப்பும் தாங்கும், ஷாஃப்ட் சுற்ற மட்டும்தான். முறிந்தாலும் சக்கரம் நிற்கும். பாரம் ஏற்றி கடினமான பாதையில் போகும் வண்டிக்கு இது நல்லது. ஆனால் எடையும் செலவும் கூடும்.

முழு ஆக்சிலையும் மாற்றுவது: அமெரிக்காவில் டானா 44, டானா 60 என்ற எண்களில் சொல்லப்படும் பெரிய ஆக்சில்கள் பிரபலம். எண் பெரிதானால் பொதுவாக உறுதியும் எடையும் பெரிது. ஆனால் அதைப் பொருத்த சஸ்பென்ஷன், பிரேக், டிரைவ் ஷாஃப்ட் எல்லாவற்றிலும் கை வைக்கணும். ஏபிஎஸ் சென்சார் பொருந்தலைன்னா பாதுகாப்பு வசதிகளே நின்றுவிடும். புதிய தாரில் முன்பக்கம் திடமான ஆக்சில் கிடையாது, தனித்தனி சஸ்பென்ஷன். அங்கே ஆக்சில் மாற்றம் என்றால் வண்டியின் முன்பகுதியையே புதுசா வடிவமைப்பது மாதிரி.

பெரிய டயர் போட்டா என்ன ஆகும்?

255/65 ஆர்18 டயரின் மொத்த உயரம் சுமார் 31 அங்குலம். அதை 33 அங்குலமாக மாற்றினால் ஆக்சிலுக்குக் கீழே கூடும் இடைவெளி ஒரே ஒரு அங்குலம்தான். ஏன்னா உயரத்தில் பாதிதான் கீழே கிடைக்கும்.

ஆனால் வண்டி இழுக்கும் பலம் சுமார் 6 சதவீதம் குறையும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 85-ல் போவீர்கள். பிரேக்குக்கும் ஆக்சிலுக்கும் சுமை கூடும்.

இழந்த பலத்தை மீட்க கிரவுன்-பினியன் விகிதத்தை மாற்றுவது ஒரு வழி. கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால் விகிதம் 3.73. பினியன் 10 பல் ஆனால் 4.10. இங்கே மறக்கவே கூடாத ஒன்று: ஃபோர்-பை-ஃபோர் வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் ஒரே விகிதம் இருக்கணும். பின்னாடி மட்டும் மாற்றிவிட்டு கெட்டித் தரையில் ஃபோர்-பை-ஃபோர் போட்டால், முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் கெட்டுப்போகும்.

மாட்டும் வேலையில் எதைக் கவனிக்கணும்?

லாக்கர் எவ்வளவு நல்லதா இருந்தாலும், மாட்டுகிற கை சரியில்லைன்னா பயனில்லை. லாக்கர் மாட்ட கிரவுனைக் கழற்றி திரும்பப் பொருத்தணும். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு அளவில் பார்க்கப்படும் விஷயம். கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது, டயல் கேஜ் வேணும். பல்லில் பேஸ்ட் தடவி, எங்கே உரசுது என்று அடையாளம் பார்க்கணும். பேரிங் இறுக்கத்தை டார்க் ரென்ச்சில் அளக்கணும்.

பட்டறையில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்: இதே வண்டிக்கு முன்பே மாட்டியிருக்கீங்களா? அளவு எடுத்து எழுதிக் கொடுப்பீங்களா? முதல் ஆயில் மாற்றம் எப்போ? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லைன்னா வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வருவது நல்லது. பொருத்திய பிறகு சாலையில் 'ஊ...' என்று ஊளைச் சத்தம் வந்தால் தாமதிக்காமல் காட்டணும்.

புதுப்பேட்டையில் பழைய ஆக்சில் குறைந்த விலையில் கிடைக்கலாம். வாங்கும்போது ஹவுசிங் வளைந்திருக்கா, வெல்டிங் அடையாளம் இருக்கா, ஷாஃப்ட் வரிப்பற்கள் முறுக்கிக்கொண்டிருக்கா என்று பார்க்கணும். நேராக இருக்க வேண்டிய பல் வரிகள் சாய்ந்திருந்தால், அந்த ஷாஃப்ட் முறிவதற்குத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். வாங்கிய இடத்தில் பில்லும் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளத்தில் லாக்கர் காப்பாற்றுமா?

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என்று சென்னை பார்த்துவிட்டது. உயரமான வண்டி, ஃபோர்-பை-ஃபோர், லாக்கர் எல்லாம் இருக்கு, போயிடலாம் என்ற தைரியம் வரும் நேரம் அது.

தண்ணீரில் பிரச்சினை பிடிப்பு மட்டும் இல்லை, மிதப்பு. சுமார் 4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் உள்ள வண்டியின் தரைத்தகட்டுக்கு மேல் ஒரு அடி தண்ணீர் ஏறினால், உள்ளே நீர் புகாதவரை மேல்நோக்கித் தூக்கும் விசை தோராயமாக 2 டன்னைத் தொடும். வண்டியின் எடையே அவ்வளவுதான். டயர் தரையை அழுத்தாதபோது நாலு சக்கரத்தையும் பூட்டி என்ன பயன்? தாருக்கு நிறுவனம் சொல்லும் நீர் ஆழ வரம்பு 650 மில்லிமீட்டர். அது தேங்கிய நீருக்கு. இழுத்து ஓடும் நீரில் அதைவிடக் குறைந்த ஆழமே வண்டியைத் தள்ளிவிடும்.

வெள்ளத்துக்கு உண்மையில் உதவும் மாற்றம் சின்னது. ஆக்சிலுக்கு மூச்சுவிட ஒரு துளை உண்டு, பிரீதர் என்பார்கள். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும், பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிரீதர் குழாயை இன்ஜின் அறை உயரத்துக்கு நீட்டிவிட்டால் இது பெருமளவு குறையும். தண்ணீரில் போய்வந்த பிறகு ஆக்சில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால், உடனே மாற்றணும். தள்ளிப்போட்டால் பேரிங்கும் பல்லும் துருப்பிடித்து, லாக்கர் விலையைவிட பெரிய செலவு வந்து நிற்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்து ஆர்சியில் பதிவான விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க இடம் உண்டு.

டயர் உடலுக்கு வெளியே துருத்துவது, உயரத்தை ஏற்றுவது, முழு ஆக்சிலையும் மாற்றுவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள், கேள்வி எழும். வேலையைத் தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. மாற்றம் எதுவானாலும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கணும். சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் இழப்பீட்டில் சிக்கல் வரலாம். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால், டிஃப்ரன்ஷியல், கியர்பாக்ஸ் தொடர்பான உரிமையை இழக்க நேரிடலாம்.

ஓட்டும் இடமும் முக்கியம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டி ஓட்டுவது குற்றம். சென்னைக் கடற்கரை மணலில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். அந்த மணலில் டயர் ஏறினால் என்ன நசுங்குகிறது என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாது.

அப்போ எந்த வரிசையில் செலவு பண்ணலாம்?

முதலில் செலவே இல்லாதது: மணலில் டயர் காற்றைக் குறைப்பது. 32 பிஎஸ்ஐ இருப்பதை 18, 20-க்கு இறக்கினால் டயர் அகலமாகப் படியும், பல இடங்களில் லாக்கர் தேவையே வராது. சாலைக்கு வந்ததும் திரும்ப அடிக்கணும், அதுக்கு ஒரு சின்ன கம்ப்ரஸர் போதும்.

இரண்டாவது, பாதைக்கு ஏற்ற நல்ல டயர். மூன்றாவது, இழுத்து மீட்க கயிறு, ஷேக்கிள், சேஸிஸோடு பிணைந்த உறுதியான கொக்கி. நான்காவது, பிரீதர் நீட்டிப்பு. ஐந்தாவதாக பின்பக்க லாக்கர். முன்பக்க லாக்கரும் ஆக்சில் மாற்றமும் அதற்கும் பிறகுதான், அதுவும் பாறைப் பாதையில் அடிக்கடி ஓட்டுபவர்களுக்கு மட்டும்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் இதை எழுதிப் பாருங்கள்: கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை முறை மாட்டிக்கொண்டீர்கள், எதனால்? வண்டி அடிப்பகுதி மேட்டில் தட்டி நின்றதா? அதற்கு லாக்கர் உதவாது. டயர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்ததா? அதற்கும் உதவாது. ஒரு சக்கரம் காற்றில் தூக்கி வெறுமனே சுழன்றதா? அப்படியானால்தான் லாக்கர் பற்றி யோசிக்கணும். பட்டியலில் அந்தக் கடைசிக் காரணம் ஒரு முறைகூட இல்லைன்னா, அந்தப் பணம் உங்க பையிலேயே இருக்கட்டும்.